ஜனாதிபதியின் அறையில் தொலைபேசி

மொன்ட்ரியாலின் வில்லரேயில் இருந்த அந்த வீட்டின் முதலாவது அரசாங்கம் மீன்குழம்பால் கவிழ்ந்தது. இரண்டாவது, குளியலறையால். மூன்றாவது ஏன் கவிழ்ந்தது என்று கவிழ்த்தவர்களுக்கே இன்றுவரை தெரியாது. ஐந்து ஆண்கள், சமைக்க ஒரு குசினி, ஒரு குளியலறை, பனி உறைந்து கிடக்கும் வெளிப்படிக்கட்டு. இவ்வளவையும் ஆள ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே ஒரு பாராளுமன்றம் கூடியது.

பகிடியாகத் தொடங்கியதுதான். 1986 கோடையில் ஐந்து அகதிகள் ஒரு வீட்டை எடுத்தார்கள். ஊரில் ஒருவரையொருவர் அறியாதவர்கள். யார் சமைப்பது, யார் குப்பையை இறக்குவது என்று முதல் கிழமையே சண்டை. "கை தூக்கி முடிவெடுப்பம்" என்றார் பேரின்பநாயகம் மாஸ்டர். திருகோணமலையில் தலை நரைக்கும்வரை குடியியல் படிப்பித்த மனிதர், அவருக்கு வேறு என்ன தோன்றும்? ஒருவரைப் பிரதமர் ஆக்கினார்கள். ஆள் சரியில்லை என்றால் அடுத்த ஞாயிறு மூன்று கை உயர்ந்தால் போதும், பிரதமர் வீட்டுக்கு. வீட்டுக்கு என்றால் அதே வீட்டுக்குத்தான், பாவம், போக வேறு இடம் இல்லை. மாஸ்டர் சபாநாயகர். அகப்பைக் காம்பால் மேசையில் தட்டி "ஓடர், ஓடர்" என்பார். பிரதமர் பதவி இழந்தவரே பிறகு சிரித்துக்கொண்டு தேநீர் ஊற்றுவார்.

மாஸ்டரைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1978இல் இலங்கையில் பாராளுமன்ற ஆட்சிமுறை போய் ஜனாதிபதி ஆட்சிமுறை வந்தபோது பாடப்புத்தகமும் மாறியது. அதுவரை, "பிரதமரைச் சபை எந்த நேரமும் அனுப்பிவிடலாம், அதுதான் இந்த முறையின் அழகு" என்று படிப்பித்தவர், அடுத்த தவணையில் அதே சோக்கட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஜனாதிபதியை லேசில் அசைக்க முடியாது, அதுதான் இந்த முறையின் பலம்" என்று படிப்பித்தார். ஒரு மாணவி எழும்பி ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு பஸ்ஸை அஞ்சு பேர் சேர்ந்து ஓட்டலாமோ பிள்ளை? சாரதி ஒரு ஆள்தானே" என்றார். மாஸ்டர் கெட்டவர் இல்லை. பாடத்திட்டம் மாறினால் தானும் மாறுகிற அரசாங்க ஆசிரியர், அவ்வளவுதான். ஆனால் அந்த பஸ் உதாரணம் அவருக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. வில்லங்கம் அங்கேதான் இருந்தது.

அவருடைய மனைவி மனோகரியும் எட்டு வயது மகளும் கார்த்திகை மாதம் கொழும்பிலிருந்து, ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டார்கள். பாங்கொக்கிலிருந்து மனோகரி ஒரு தடவை கோல் எடுத்தாள். "இஞ்சயிருந்து வேற இடத்துக்கு மாத்தப் போறானாம். எங்க எண்டு சொல்லேல்ல. பாஸ்போட் எல்லாத்தையும் வாங்கி வச்சிட்டான். உங்கட நம்பரை நானும் பிள்ளையும் பாடமாக்கி வச்சிருக்கிறம். நீங்கள் அந்த வீட்டை விட்டுப் போயிடாதேங்கோ" என்றாள். அதன் பிறகு பேச்சு மூச்சு இல்லை. அவள் எந்த நாட்டில், எந்த அறையில் இருக்கிறாள் என்று மாஸ்டருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அந்த ஏழு இலக்கங்கள்தான். வீட்டு நடையில், முக்காலி மேல் இருந்த பச்சை நிறத் தொலைபேசியின் இலக்கங்கள். மாஸ்டர் தன் கட்டிலை நடைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மணி அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே தூங்கப் பழகினார்.

மார்கழியில் அந்தத் தொலைபேசி செத்தது. காசு இல்லாமல் அல்ல. பில்லை ஐந்தாகப் பிரிப்பதா, கதைத்தவன் கட்டுவதா என்று பாராளுமன்றம் மூன்று ஞாயிறு விவாதித்தது. கணேசலிங்கம் என்ற யாழ்ப்பாணத்து ஆள் வாய் ஓயாதவன், அவன் ஒருவனே இரண்டு ஞாயிறைத் தின்றான். மட்டக்களப்பு அருமைநாதன் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். சூசைப்பிள்ளை வழக்கம்போல் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். இடையில் கொம்பனி லைனை வெட்டிவிட்டது. மாஸ்டர் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. அன்று முழுக்க அவர் அதை வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். மற்றவர்களுக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

வழி காட்டியவர் உருத்திரமூர்த்தி. ஐவரில் முதலில் மொன்ட்ரியாலுக்கு வந்தவர், நிரந்தரமாக இருக்கக் கடதாசி கிடைத்தவர், பிரெஞ்சு கொஞ்சம் கதைப்பவர். புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் சுப்பவைசர். மற்ற நால்வருக்கும் அதே கிடங்கில் வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். "என்ர பேரில லைன் எடுக்கலாம், பழைய நம்பரையே கேட்டு வாங்கலாம்" என்றார். "ஆனா இந்தச் சந்தைக்கூட்டம் எனக்குச் சரிவராது. பொறுப்பெண்டா முழுப் பொறுப்பு."

அடுத்த ஞாயிறு மாஸ்டர் சபாநாயகர் கதிரையில் இருந்து எழும்பினார். பஸ் உதாரணத்தைச் சொன்னார். அழகாகச் சொன்னார், பழைய வகுப்பறைக் குரல் திரும்பி வந்திருந்தது. இனிமேல் இந்த வீட்டுக்கு ஒரு ஜனாதிபதி. எல்லோரும் நேரே தெரிவு செய்வது. வீட்டு ஒப்பந்தம் முடிகிற ஆனிக் கடைசி வரை அவரை மாற்ற முடியாது. பதவியில் இருக்கும்வரை அவரைக் கேள்வி கேட்க முடியாது. யாருக்கு என்ன பொறுப்பு என்று அவரே கொடுப்பார். அவரை எதிர்த்து எதையாவது செய்வதென்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது ஐந்து பேரில் நாலு கை.

கவனியுங்கள். தப்பி ஓடி வந்த நாட்டின் சட்டத்தை ஒரு சொல் பிசகாமல் குளிர்தேசத்துக் குசினியில் நிறுத்திவைக்கிறார் மனிதர். வேறு எந்த ஊர் ஆளுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

அருமைநாதனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அவர் தனக்கு எதிரா கை தூக்க மாட்டாரே மாஸ்டர். அப்ப நாங்க மற்ற நாலு பேரும் ஒண்டா நிண்டாத்தானே?"

"ஓம்."

"நாங்க நாலு பேரும் எதில ஒண்டா நிண்டிருக்கிறம்?"

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். ஐந்து கையும் உயர்ந்தது. இரண்டு நாளில் பச்சைத் தொலைபேசியில் உயிர் வந்தது, அதே ஏழு இலக்கங்களோடு. மாஸ்டர் உருத்திரமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

முதல் சில கிழமைகள் பொற்காலம் என்றே சொல்ல வேண்டும். ஹீட்டர் திருத்தப்பட்டது. இத்தாலிய வீட்டுக்காரன் தானே வந்து ஜன்னல் இடுக்குகளை அடைத்தான். படிக்கட்டில் பனி அள்ள முறை வைக்கப்பட்டது. அருமைநாதன் குசினிக்கு மந்திரி, சூசைப்பிள்ளை குப்பைக்கும் பனிக்கும் மந்திரி, கணேசலிங்கம் குளியலறைக்கும் தொலைக்காட்சிக்கும் மந்திரி. கணேசலிங்கத்தின் வாய் அடங்கியதே பெரிய சாதனை. மாஸ்டருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. "நீங்கள் சட்டம் தந்த ஆள். உங்களுக்கு என்னத்துக்குப் பதவி?" என்றார் ஜனாதிபதி. மாஸ்டர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. முன்பக்கத்துப் பெரிய அறை ஜனாதிபதியின் அறை ஆயிற்று, வீட்டுக்காரனோடு கதைக்க இடம் வேண்டுமாம். கணேசலிங்கம் ஊருக்கு எடுத்த கோல்களால் பில் ஏறியபோது தொலைபேசியின் எண் வட்டில் சிறு பூட்டு ஒன்று தொங்கியது, ஊர்க் கடைகளில் தொங்குமே, அதே பூட்டு. மாஸ்டர் கவலைப்படவில்லை. வெளியே எடுக்கத்தான் முடியாது, வருகிற கோல் வரும். அடுத்த கிழமை முக்காலியைக் காணோம். வயர் நடையால் போய்ப் பெரிய அறைக் கதவுக்குக் கீழே நுழைந்திருந்தது. "நடையில வச்சா ஆளாளுக்கு எடுக்கினம். ஒரு ஒழுங்கு வேணும்" என்றார் உருத்திரமூர்த்தி. அவர் வீட்டில் இருக்கும் நேரம் கதவு திறந்தே கிடந்ததால் மாஸ்டர் இதற்கும் தலையாட்டினார்.

தை மாத முடிவில் வீட்டுக்காரன் அடுத்த வருட ஒப்பந்தம் பற்றிக் கேட்டான். உருத்திரமூர்த்தி சபையைக் கூட்டினார். அகப்பை இப்போது அவர் கையில்.

"ஆனியில இன்னொரு தேர்தல் எண்டு ஏன் மினக்கெடுவான்? அடுத்த வருசமும் நானே பாக்கிறன். ஓமோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"விளக்கோ குடமோ எண்டு கேளுங்கோ, அண்ணை" என்றான் கணேசலிங்கம். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. 1982இல் தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டக் கேட்ட சர்வசன வாக்கெடுப்பில் விளக்கு என்றால் சம்மதம், குடம் என்றால் மறுப்பு. ஐந்து பேரும் அன்று ஊரில் குடத்துக்குப் புள்ளடி போட்டவர்கள். இன்று வில்லரேயில் நாலு பேர் விளக்குக்குக் கை தூக்கினார்கள், சிரித்துக்கொண்டே. திங்கட்கிழமை கிடங்கில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று எழுதுகிற கையும் உயர்ந்திருந்த கைகளில் ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாஸ்டர் கை தூக்கவில்லை. "இது பிழை. காலம் முடிஞ்சால் திரும்பக் கேக்க வேணும். அதுதான் பேச்சு" என்றார்.

உருத்திரமூர்த்தி கோபப்படவில்லை. "பேந்து பாப்பம், மாஸ்டர்" என்றார். பிறகு பார்ப்போம் என்பது அவர் அடிக்கடி சொல்கிற சொல். அதைச் சொன்னால் அந்த விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

அடுத்த நாளிலிருந்து வெளியே போகும்போது தன் அறையைப் பூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்.

மாஸ்டர் படிக்கட்டு வரை பின்னால் போனார். காலில் செருப்புக்கூட இல்லை. "மனிசி எடுத்தாளெண்டால்?"

"நான் நிண்டா உங்களைக் கூப்பிடுவன்தானே."

"நீங்கள் நிக்காத நேரம் எடுத்தாளெண்டால்?"

"திரும்ப எடுப்பா."

"அவளுக்கு எடுக்கிறதுக்குச் சொந்த ஃபோனோ கிடக்குது? ஏஜென்சிக்காரன் எப்ப விடுறானோ அப்பதான். அறைத் திறப்பை மட்டும் தந்திட்டுப் போங்கோ, உருத்திரமூர்த்தி. நான் வேற ஒண்டையும் தொடமாட்டன்."

"பேந்து பாப்பம், மாஸ்டர். எனக்கு பஸ் போயிடும்."

வேறு வீடு பார்த்துப் போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம். மொன்ட்ரியால்-நோரில் ஒரு தெரிந்த குடும்பம் ஒரு மூலை தருவதாகச் சொன்னது. ஆனால் மனோகரிக்கு அதை யார் சொல்வது? உலகத்தில் எங்கோ ஒரு அறையில் இருந்துகொண்டு அவள் சுழற்றப் போவது இந்த வீட்டின் ஏழு இலக்கங்களைத்தான். வேலையை விட்டால் உருத்திரமூர்த்திக்குப் பகை. பகைத்தால் வெட்டிவிடுவார், லைன் அவர் பேரில். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட சிறை இது, அதுவும் தானே சட்டம் சொல்லிக் கட்டிய சிறை. மாஸ்டருக்கு அது நன்றாகத் தெரிந்தது. இரவில் கண்ணை மூடினால் அந்த மாணவி எழும்பி நின்று ஏன் என்று கேட்டாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு பெரிய பனிப்புயல். உருத்திரமூர்த்தி முதல்நாளே மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தார், வழக்கம்போல் அறையைப் பூட்டிவிட்டு. ஞாயிறு பூசைக்குக் கோயிலுக்குப் போகிற அருமைநாதனும் சூசைப்பிள்ளையும்கூட அன்று வெளிக்கிட முடியவில்லை. நாலு பேரும் குசினியில் இருந்தார்கள். மாஸ்டர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது.

பூட்டிய கதவுக்குப் பின்னால் அது மிகவும் தூரத்தில் அடிப்பதுபோல் இருந்தது. மாஸ்டர் கத்தியோடு ஓடினார். கதவுக் குமிழைத் திருகினார், அறைந்தார், தோளால் ஒரு இடி இடித்தார். பழைய காலத்துக் கனத்த கதவு அசையவில்லை.

"உடைப்பம்" என்றார். "அவள்தான். எனக்குத் தெரியும், அவள்தான். வாங்கோ, உடைப்பம்."

"தலைவரின்ர அறையெல்லோ" என்றார் சூசைப்பிள்ளை. அந்தக் கிழமை அவர் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"நாளைக்குக் கிடங்கில ஆரின்ர முகத்தில முழிக்கிறது?" என்றான் கணேசலிங்கம். "அதோட மாஸ்டர், நீங்கள்தானே சொன்னது, அவருக்கு எதிரா எதையாவது செய்யிறதெண்டா நாலு கை வேணுமெண்டு."

மணி அடித்துக்கொண்டிருந்தது. அப்போது மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். இன்னொருவன் என்றால் கணேசலிங்கத்தைத் தள்ளிவிட்டுக் கதவை உதைத்திருப்பான். பேரின்பநாயகம் மாஸ்டர் திரும்பி நின்று தன் வலது கையைத் தூக்கினார். வெங்காயத் தோல் ஒட்டிய கை.

"நாலு பேர் நிக்கிறம்தானே. தூக்குங்கோ. கெதியா."

அருமைநாதனின் கை உடனே உயர்ந்தது. மணி அடித்தது. சூசைப்பிள்ளை கதவைப் பார்த்தார், மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார். மணி அடித்தது. கணேசலிங்கத்தின் கை இடுப்புவரை வந்து நின்றது.

"கணேசு" என்றார் மாஸ்டர். "என்ர பிள்ளையடா."

கணேசலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினான். நாலு கை. சட்டப்படி எல்லாம் சரி. மணி நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் ஒருவரும் கையை இறக்கவில்லை. பிறகு மாஸ்டர் படிக்கட்டுப் பக்கம் போய், ஐஸ் உடைக்கிற இரும்புக் கம்பியை எடுத்து வந்து பூட்டில் நாலு போடு போட்டார். கதவு பிளந்துகொண்டு திறந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், அதே முக்காலியில் பச்சைத் தொலைபேசி இருந்தது. எடுத்துக் காதில் வைத்தார். லைனின் ஒரே சீரான ஊளைதான் கேட்டது. அவர் கட்டிலில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதார். மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். கம்பியின் முதல் அடியையே முதல் மணிக்கு அடித்திருக்கலாமே என்று நால்வரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

"திரும்ப எடுப்பா, மாஸ்டர்" என்றான் அருமைநாதன். உருத்திரமூர்த்தி சொன்ன அதே சொல்தான், ஆனால் இவன் சொன்னபோது அதில் ஈரம் இருந்தது.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியைத் தூக்கி மடியில் வைத்தார். வெட்டுக் கத்தியின் நுனியை விட்டு நெம்பி எண் வட்டில் தொங்கிய பூட்டையும் கழற்றி எறிந்தார். "இனி இந்த அறையை விட்டு எழும்பமாட்டன்" என்றார். பனி விடவில்லை, பஸ் ஓடவில்லை, உருத்திரமூர்த்தி வருகிற பாடு இல்லை. சூசைப்பிள்ளை தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். சோறும் அங்கேயே வந்தது. கணேசலிங்கம் வாசலில் தலையை நீட்டி, ஹீட்டரைக் கூட்டட்டுமா என்று கேட்டான். இரவுச் சமையலுக்கு மீனா முட்டையா என்று வேறு கேட்டான். மாஸ்டரிடம் ஏன் கேட்கிறான் என்று அவனுக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது. அந்த அறையில், அந்தக் கட்டிலில் இருப்பவரிடம் கேட்டுப் பழகிவிட்டது.

"முட்டை" என்றார் மாஸ்டர்.

பொழுதுபடும் நேரம் அருமைநாதன் வந்தான். மேல்சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். ஊரில் இராணுவம் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டுபோன அவனுடைய தம்பியைப் பற்றி ஆறு மாதமாக ஒரு தகவலும் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"மாஸ்டர், ஒரு அஞ்சு நிமிசம். கோயில்ல பாதர் இண்டைக்கு என்னோட கதைக்கவேணும் எண்டவர். தம்பியப் பத்தி ஆரோ கண்டதாக் கடுதாசி வந்திரிக்காம். புயல் எண்டபடியாப் போக ஏலாமப் போச்சு. இப்ப பூட்டும் இல்லத்தானே. எடுத்துக் கேட்டுட்டு வச்சிருவன்."

மாஸ்டரின் கை ரிசீவரின் மேல் இறுகியது. ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் எடுத்தால்? லைன் எங்கேஜ் என்று கேட்டால், ஏஜென்சிக்காரன் ரிசீவரைப் பிடுங்கி வைத்துவிட்டால்? முதலில் கை தூக்கியவன் இவன்தான் என்பது மாஸ்டருக்கு நினைவிருந்தது. நன்றாகவே நினைவிருந்தது.

"பேந்து பாப்பம், அருமை" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் குரல் அவர் காதில் விழுந்தது. வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனாலும் கை ரிசீவரை விடவில்லை.

அருமைநாதன் பொத்தானைத் திருகுவதை நிறுத்தினான். கொஞ்ச நேரம் தொலைபேசியைப் பார்த்தான். "கதவைச் சாத்தட்டா, மாஸ்டர்?" என்று கேட்டான்.

"ஓம்."

அவன் சாத்திவிட்டுப் போனான். உடைந்த பூட்டு பிடிக்கவில்லை, கதவு மெதுவாகத் திறந்துகொண்டது. நடையில் அவன் சுவரோடு சாய்ந்து நிற்பது தெரிந்தது. பேரின்பநாயகம் மாஸ்டர் தொலைபேசியை ஒரு கையில் அணைத்தபடி எழுந்து, ஜனாதிபதியின் கதிரையை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தார். பிறகு அதிலேயே இருந்துகொண்டார்.